மூணாம் பால் வெள்ளை

திருநெல்வேலி டவுன் ரத வீதியில், சித்திரை வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில், என் அம்மா நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து தோசைக் கரண்டியால் பெயர்த்தெடுத்த சில்லு. இன்னொரு கையில் பெயிண்ட் கடைக்காரர் கொடுத்த வண்ண அட்டை. இரண்டையும் ஒட்டவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நகை ஆசாரி கல்லைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் ஒரு டவுன் பஸ் ஆரன் அடித்து ஓய்ந்துபோய், கடைசியில் டிரைவரே தலையை வெளியே நீட்டினார்.

"எம்மா, ஓரமா நின்னு பாக்கப்பிடாதா?"

"ஓரத்துல நெழலு விழுதுய்யா. வெள்ளையை நெழலுல பாத்தா எப்படித் தெரியும்?"

டிரைவருக்கு அதில் நியாயம் இருப்பதாகப் பட்டிருக்க வேண்டும். "அட்டையில இருக்கது கொஞ்சம் நீலம் அடிக்கும்மா" என்று அபிப்பிராயமும் சொன்னார். சீவலப்பேரிக்குப் போகிற ஜனம் முழுக்க ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. நான் அப்போது கல்லூரியில் கடைசி வருஷம். கூடப் படிக்கிற எவள் கண்ணில் பட்டாலும் தீர்ந்தது கதை. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, இந்த அம்மாளை எனக்கு முன்பின் தெரியாது என்ற பாவனையில், பக்கத்துப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் வாளி விலை கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி செண்பகம்! இங்கன வா! ஒங் கண்ணுக்கு இது எப்படித் தெரியுது?"

என் மானம் போனதை ரத வீதியே பார்த்தது.

போன வாரம் இந்தப் பத்தியில் கல்லூரிக் கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதியதற்குக் கோபித்துக்கொண்டு கடிதம் போட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். இந்த வாரம் சாம்பார் கிடையாது, வெறும் வெள்ளைதான். ஆனால் அந்த வெள்ளையில் என் அப்பாவின் உத்தியோகமும், என் மாமா எங்கள் வீட்டு வாசலை மிதிக்கிற உரிமையும் சேர்ந்து மாட்டிக்கொண்டிருந்தன.

முக்கு வீடு

பாளையங்கோட்டையில் பஸ் திரும்புகிற முக்கில் எங்கள் வீடு. அந்த இடத்தில் எந்த பஸ்ஸும் பைய ஊர்ந்துதான் திரும்பியாக வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கு எங்கள் காம்பவுண்டுச் சுவரைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதனால் தேர்தல் வந்தால் எங்கள் சுவருக்குப் பெண் கேட்டு வருகிற மாதிரி ஆட்கள் வருவார்கள். அப்பா எல்லோரையும் கேட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

அப்பா அரசுப் பள்ளித் தலைமையாசிரியர். ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அவருக்குச் சாமி பயம் கொஞ்சம், விதிமுறை பயம் நிறைய. ஆபீஸ் பேனாவில் வீட்டுக் கணக்கு எழுத மாட்டார். தேர்தலில் அவருக்கு வாக்குச்சாவடி அதிகாரி வேலை போட்டிருந்தார்கள். அந்த உத்தரவு வந்த நாளிலிருந்து வீட்டில் யாரும் எந்தக் கட்சி பேரையும் சத்தமாகச் சொல்லக் கூடாது. வானொலியில் செய்தி வந்தால் எழுந்துபோய் நிறுத்துவார்.

வீடு கட்டியபோது அந்தச் சுவருக்கு ஏதோ ஒரு கம்பெனியின் வெள்ளை சிமெண்ட் பெயிண்ட் அடித்தார்கள். அந்தக் கம்பெனியே பிறகு மூடிப்போனது. சுவர் மட்டும் வெயிலையும் பஸ் புகையையும் தின்றுகொண்டு நின்றது. கேட்டால் நாங்கள் வெள்ளை என்றுதான் சொல்லுவோம். சிகப்பாக இருக்கிற பெண் என்று கல்யாணத் தரகர் சொல்லுவார் இல்லையா, அந்த மாதிரி.

வழுக்கைத் தலையும் சீப்பும்

என் தாய்மாமன் பெயர் குற்றாலம். அம்மாவுக்கு ஒரே தம்பி. எடுத்த தொழில் எதையும் அவர் முடித்ததில்லை. வீடியோ கேசட் வாடகைக்கு விட்டார். ஊரில் எல்லோரும் கேபிள் கனெக்சன் வாங்கிய மாதத்தில்தான் அந்தக் கடையைத் திறந்தார். பத்தமடைப் பாயைக் குடை உறைக்குள் சுருட்டி வைத்து, ரயிலில் போகிறவர்களுக்கு விற்கலாம் என்று ஒரு யோசனை வைத்திருந்தார். பாய் உள்ளே போனது, வெளியே வரவில்லை.

அப்படிப்பட்டவரிடம் யாரோ டீக்கடையில், "நீரு நல்லாப் பேசுதீரு வே, எலெக்சன்ல நில்லும்" என்று சொல்லித் தொலைத்துவிட்டார்கள். சட்டமன்றத் தேர்தலுக்குச் சுயேச்சையாக மனுப் போட்டுவிட்டார். குலுக்கலில் கிடைத்த சின்னம் சீப்பு. மாமாவின் தலையில் காதோரம் இரண்டு கற்றையைத் தவிர ஒரு முடி கிடையாது. ஊரே சிரித்தது. மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். "எனக்குன்னு ஒண்ணும் எடுத்துக்கிட மாட்டேன்னு இதைப் பாத்தாலே தெரியும்லா" என்று மேடையில் பேசினார்.

அவர் நேரே அக்காவிடம் வந்தார்.

"எக்கா, ஒஞ் சுவத்துல சின்னத்தை வரைஞ்சிக்கிடட்டா?"

"வரைஞ்சிக்கோயேன். ஒங்க அத்தான் கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

அப்பா அன்றைக்குத் தேர்தல் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தார். சுவர்களில் எழுதக் கூடாது, அரசு ஊழியர் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும் என்றெல்லாம் நாள் முழுக்கக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தால், முக்கில் ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்புச் சீப்பு. நல்ல வேளையாக மாமாவின் பெயரை எழுதும் முன்பே, வரைய வந்த ஆர்ட்டிஸ்டுக்குப் பசித்துவிட்டது. பெயரை மறுநாள் எழுதுவதாக இருந்தாராம்.

அப்பா சைக்கிளிலிருந்து இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு அவர் வாயிலிருந்து வந்ததை இந்தப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள்.

அழிக்கச் சொன்னார்கள், அழித்தார்

மறுநாள் காலையில் அதே ஆர்ட்டிஸ்டைக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னோம். அவர் நல்ல தொழில்காரர். வம்பே அதுதான். சுண்ணாம்பில் சொட்டு நீலம் கலந்து, பளீரென்று ஒரு வெள்ளை தயார் செய்தார். பிறகு தான் வரைந்த கோட்டின் மேலேயே, கோடு தாண்டாமல், பல் பல்லாக அழித்தார். ஒரு பல்கூடப் பக்கத்துப் பல்லோடு ஒட்டவில்லை.

வேலை முடிந்து எல்லோரும் தள்ளி நின்று பார்த்தோம். அழுக்கு வெள்ளைச் சுவரில் பளபளவென்று ஒரு வெள்ளைச் சீப்பு. கறுப்பாக இருந்தபோது பஸ்ஸில் வருகிறவர்களுக்குத்தான் தெரிந்தது. இப்போது நிலா வெளிச்சத்திலும் தெரிந்தது.

"என்னவே இது?" என்றார் அப்பா.

"அழிச்சாச்சு சார்."

"சீப்பு அப்படியேல்லா இருக்கு!"

"கறுப்பைத்தானே அழிக்கச் சொன்னிய?"

தேங்காய் நாரை வைத்துத் தேய்த்துப் பார்த்தோம். சீப்பு இன்னும் சுத்தமானது.

இதற்குள் யாரோ மொட்டைப் பெட்டிசன் போட்டுவிட்டார்கள். தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். நல்ல மனுஷன். வருத்தத்தோடுதான் பேசினார்.

"சார், நீங்க எலெக்சன் டூட்டி பாக்கிறவரு. ஒங்க மச்சினன் சின்னம் ஒங்க சுவத்துல இருக்குன்னு ரிப்போர்ட் எழுதுனா, சஸ்பென்ஷன் வரைக்கும் போயிரும். நாளைக்குச் சாயங்காலம் போட்டோக்காரரைக் கூட்டிட்டு வாரேன். அதுக்குள்ள ஏதாவது செஞ்சிருங்க."

"சுவரு முழுக்க வெள்ளையடிச்சிருதேன்" என்றார் அப்பா.

"ஐயோ, அந்தக் காரியத்தை மட்டும் செஞ்சிராதீங்க."

அவர் சொன்னது சரிதான். எங்கள் பக்கத்தில் தேர்தல் நேரத்தில் ஒரு சுவருக்குப் புது வெள்ளை அடித்தால், யாரோ விளம்பரத்துக்குத் தயார் செய்கிறார்கள் என்று அர்த்தம். ஈரம் காய்வதற்குள் வேறு எவனாவது வந்து முந்திக்கொள்வான். விடிந்தால் சீப்பு போய் வேறு எது நிற்கும் என்று சொல்ல முடியாது. சுவர் பழசாகவே இருக்க வேண்டும். சீப்பு மட்டும் மறைய வேண்டும். அதற்குப் பழைய சுவரின் அதே வெள்ளை வேண்டும்.

அவர் போனதும் அப்பா அம்மாவைப் பார்த்துச் சொன்னார். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நாங்கள் பயந்திருக்க மாட்டோம்.

"இந்தச் சுவத்தால எனக்கு ஒரு மெமோ வந்துச்சுன்னா, ஒந் தம்பி இந்த வாசல்ல கால் வைக்கப்பிடாது. நல்லது பொல்லது எதுக்கும் வேண்டாம்."

எங்கள் பக்கத்தில் தைப் பொங்கலுக்குக் கூடப்பிறந்தவன் பொங்கல்படி கொண்டு வர வேண்டும். கரும்பு, மஞ்சள்குலை, அரிசி, காய்கறி என்று மாமா ஒரு வண்டி நிறையக் கொண்டு வருவார். அவர் தொழிலில் எல்லாமே தோற்றவர்தான், பொங்கல்படியில் மட்டும் ஒரு வருஷமும் குறை வைத்ததில்லை. அம்மாவைப் பெற்றவர்கள் இருவரும் போய்விட்டார்கள். பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது இந்த வழுக்கைத் தலை ஒன்றுதான்.

அம்மா அழவில்லை. அடுக்களைக்குள் போனாள். தோசைக் கரண்டியோடு வெளியே வந்தாள். சுவரின் அடிப்பக்கத்தில் ஒரு சில்லைப் பெயர்த்து டிபன் பாக்சில் போட்டாள். "வாட்டி, டவுனுக்குப் போவோம்" என்றாள்.

சொதிக் கணக்கு

அப்படித்தான் நாங்கள் ரத வீதிக்குப் போய்ச் சேர்ந்தோம். பெயிண்ட் கடை அண்ணாச்சிக்கு எங்களைப் பார்த்ததும் உற்சாகமாக இருந்தது. அரை மணி நேரத்தில் அது போய்விட்டது.

"வெள்ளை வேணும் அண்ணாச்சி."

"எந்த வெள்ளைம்மா?"

"வெள்ளையில என்ன எந்த வெள்ளை?"

அண்ணாச்சி மூன்று கம்பெனிப் பொட்டலங்களைப் பிரித்து, ஒரு பழைய கதவுப் பலகையில் தண்ணீர் விட்டுக் குழைத்து வரிசையாகத் தீற்றிக் காட்டினார். "இது கொக்கு மார்க். இது அல்லி மார்க். இது நிலா மார்க். தனித்தனியாப் பாத்தா எல்லாம் வெள்ளை. பக்கத்துல பக்கத்துல வச்சா ஒண்ணுகூட வெள்ளை இல்ல, பாத்துக்கிடுங்க."

அட்டையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் போட்டிருந்தார்கள். ஸ்னோ ஒயிட், பேர்ல் ஒயிட், லில்லி ஒயிட். பனியை நாங்கள் காலண்டரில் பார்த்ததோடு சரி. அம்மா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளிடம் சொந்தமாக ஒரு கணக்கு இருந்தது.

திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொதி தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன்: கல்யாண வீட்டு மறுவீட்டு விருந்தில் தேங்காய்ப் பாலில் வைக்கிற குழம்பு. ஒரே தேங்காயை மூன்று தடவை பிழிவார்கள். முதல் பால் கெட்டி, இரண்டாம் பால் சுமார், மூன்றாம் பால் தண்ணீருக்கு அண்ணன்.

"கொக்கு முதல் பால்" என்றாள் அம்மா. "அல்லி ரெண்டாம் பால். நிலா கெட்டுப்போன பால், அதை உள்ள எடுத்து வையிங்க. எனக்கு மூணாம் பால் வேணும்."

"மூணாம் பால் வெள்ளையை எந்தக் கம்பெனியும் போட மாட்டான்மா. போட்டா எவன் வாங்குவான்?"

"நான் வாங்குதேன்லா?"

"நீங்க ஒரு சீப்புக்குல்லா வாங்குதிய!"

இதற்குள் சங்கதி கடைக்கும் வந்து சேர்ந்திருந்தது.

அம்மா அதன்பிறகும் விடவில்லை. கடைக்குள் டியூப் லைட் வெளிச்சம் பொய் சொல்லுகிறது என்று அட்டையைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டுக்கு வந்தாள். டிரைவரும் சீவலப்பேரி ஜனமும் சொன்ன அபிப்பிராயங்களைக் கேட்டுக்கொண்டாள். கடைசியில் கொக்கில் ஒரு பொட்டலமும் அல்லியில் ஒரு பொட்டலமும் வாங்கி, இரண்டையும் கலந்துகொள்வது என்று முடிவானது.

காய்ந்ததும் வந்த வினை

சாயங்காலம் அம்மாவும் நானும் கலந்தோம். கொக்கு இரண்டு கரண்டி, அல்லி மூன்று கரண்டி. தொட்டுப் பூசினால், அடடா, சுவரோடு அப்படியே சேர்ந்துகொண்டது. சீப்பின் பல்லெல்லாம் போயே போய்விட்டது. அப்பாகூட வாசலில் வந்து நின்று, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, "ம்" என்றார். அவர் அகராதியில் அது பாராட்டு.

காலையில் கோலம் போடப் போன அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு அப்படியே திரும்பி வந்தாள்.

"ஏட்டி, சீப்பு வந்துட்டு."

ஈரத்தில் இருந்த நிறம் வேறு, காய்ந்த நிறம் வேறு. இரவோடு இரவாகக் காய்ந்து வெளுத்து, சீப்பு முன்னைவிடத் தடியாக நின்றது. நாங்கள் ஓரத்திலும் கொஞ்சம் பூசியிருந்தோம் அல்லவா, பல்லெல்லாம் சதை போட்டிருந்தது.

அப்பா காப்பி குடிக்கவில்லை. அலமாரியைத் திறந்து தன் சர்வீஸ் காகிதங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தார்.

அம்மா சுவரின் முன்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள். உள்ளங்கையைச் சுவரில் வைத்துத் தேய்த்து, கையைத் திருப்பிப் பார்த்தாள். முந்தானையில் துடைத்தாள். மறுபடியும் தேய்த்தாள்.

"வெள்ளை சரியாத்தாம்ட்டி இருக்கு. நம்ம சுவத்துல இத்தனை வருசத்துப் புழுதில்லா ஏறியிருக்கு. அதை எந்தக் கம்பெனிக்காரன் பொட்டலத்துல போட்டு விப்பான்?"

சுவரடியில் கிடந்த மண்ணை அள்ளி மாவுச் சல்லடையில் சலித்தாள். அந்தச் சல்லடையில் சலித்த மாவில் அதற்குப் பிறகு நான் இடியாப்பம் சாப்பிட்டேனா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். சலித்த புழுதியை வெள்ளையில் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக் கலக்கினாள். ஒவ்வொரு கலவையையும் ஒரு பழைய கூரை ஓட்டில் தீற்றி, மாடியில் வெயிலில் காயவைத்து, காய்ந்த பிறகு சில்லோடு ஒட்டிப் பார்த்தாள். சித்திரை வெயில் எதற்கு இருக்கிறது? மத்தியானத்துக்குள் ஒரு ஓடும் சில்லும் அக்கா தங்கை மாதிரி ஒன்றாகிவிட்டன.

"மூணாம் பால்" என்றாள் அம்மா.

வேட்பாளர் கையில் பிரஷ்

பூச ஆள் பார்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் மாமா முக்கில் திரும்பினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அதுவும் நீலம் போட்ட வெள்ளை.

அம்மா ரோட்டின் குறுக்கே போய் ஆட்டோவை மறித்தாள்.

"எறங்குலே."

"எக்கா, பிரச்சாரத்துல இருக்கேன்…"

"எறங்குலேங்கேன். இந்தா பிரசு. நீதான வரைய வச்சே? நீயே அழி."

மாமா சுவரைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரோடு நகர்ந்து வந்தார்கள்.

"வேட்பாளரே தன் சின்னத்தை அழிச்சான்னு ஊருக்குள்ள பேசுவானுவளே எக்கா. எனக்கு என்ன மதிப்பு இருக்கும்?"

"ஒங்க அத்தானுக்கு வேலை போயிரும் சாமி. இன்னைக்குச் சாயங்காலம் ஆள் வருதான்."

மாமாவுக்கு அதுவரை இது தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவர் முகம் சின்னப் பையனுடையது மாதிரி ஆகிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டினார். பிரஷை வாங்கி வாளியில் முக்கினார். பல் பல்லாக இல்லாமல், நாலாபக்கமும் இழுத்து, ஓரம் தெரியாமல் பூசினார். அவர் வாழ்க்கையில் முழுதாக முடித்த முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும்.

ஆட்டோக்காரரிடம் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மாமா சீப்பை அழித்து முடிக்கும் வரை, "உங்கள் சின்னம் சீப்பு, மறந்துவிடாதீர்கள் சீப்பு" என்று மாமாவின் குரலே தெருவெங்கும் முழங்கிக்கொண்டிருந்தது.

அப்பா நடையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். மாமா பூசி முடித்து, கையெல்லாம் வெள்ளையாக, கேட்டுக்கு வெளியே நின்று அத்தானைப் பார்த்தார். அப்பா "வா" என்று சொல்லவில்லை. மாமா குழாயில் கை கழுவக்கூட உள்ளே வராமல் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். எனக்கு அப்பாவின் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

சாயங்காலம் தாலுகா ஆபீஸ்காரர் போட்டோக்காரரோடு வந்தபோது கலவை எலும்பாகக் காய்ந்திருந்தது. அவர் சுவரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்.

"எந்த இடத்துலம்மா இருந்துச்சு?"

"எங்களுக்கே மறந்துட்டுய்யா" என்றாள் அம்மா. "மோர் குடிச்சிட்டுப் போங்க."

எண்ணிப் பார்த்ததில்

தேர்தல் முடிந்தது. மாமாவுக்கு டெபாசிட் போனது. அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. மாமி ஏரல்காரி. அவளுடைய சொந்தக்காரர்களுக்கு எங்கள் தொகுதியில் ஓட்டுக் கிடையாது. எங்கள் சொந்தக்காரர்களுக்கு மனசு கிடையாது.

அதன்பிறகு மாமா வரவே இல்லை. அம்மா அவர் பேச்சை எடுக்கவில்லை, அப்பாவிடம் வேறு எந்தப் பேச்சையும் எடுக்கவில்லை. "ஒங்க அப்பாவுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு", "ஒங்க அம்மைகிட்டச் சாவி எங்கன்னு கேளு" என்று இருவருக்கும் நடுவில் நான் தபால்காரியாக அலைந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா தோசை சுட்டுக்கொண்டிருக்கும்போது, கேட்டுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. மாமா. உள்ளே வராமல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா முன்கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எக்கா, ஒண்ணு சொல்லிட்டுப் போயிருதேன்" என்று மாமா அங்கிருந்தபடியே சத்தமாகச் சொன்னார். "எண்ணும்போது நான் பக்கத்துல இருந்தேன் பாத்துக்கோ. தபால் ஓட்டைத் தனியா எண்ணுனானுவ. எலெக்சன் வேலைக்குப் போன போலீசுக்காரனும் வாத்தியாமாரும் போடுத ஓட்டு. எல்லாம் பெரிய கட்சிக்குத்தான் விழும், சுயேச்சைக்கு எவன் போடுவான்? அதுல எனக்கு ஒண்ணு விழுந்திருக்கு எக்கா! சீப்புக்கு! எந்தப் புண்ணியவான்னு தெரியல. அவன் நல்லா இருக்கணும்."

அம்மா கரண்டியோடு முன்கூடத்துக்கு வந்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பாவின் பேப்பர் பைய உயர்ந்து முகத்தை மறைத்துக்கொண்டது.

அடுப்பில் தோசை கருகுகிற வாசனை வந்தது. அம்மா நகரவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏட்டி செண்பகம், அந்தப் புண்ணியவானுக்கு இன்னொரு தோசை போடவான்னு கேளு."

நான் கேட்பதற்கு முன்பே பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"ரெண்டு போடச் சொல்லு. வெளிய நிக்கவனும் சாப்பிட்டிருக்க மாட்டான்."